ஏழுக்கு ஏழு கட்டம்

கட்டம் போட்ட சேலையைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். கடைக்காரர் எடுத்து விரிப்பதற்குள் "இது வேண்டாமுங்க, வேறே காட்டுங்க" என்று சொல்லிவிடுவேன். சேலை என்ன பாவம் செய்தது? செய்தவள் அவள். பேரைச் சொல்ல மாட்டேன். விடுதியில் எல்லோரும் அவளைக் கட்டக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கும் அதில் ஒரு பெருமை.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. சேலத்தில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர்ந்திருந்தேன். எனக்கு இருபத்தாறு வயது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போன கணவர் முதல் வருஷம் இரண்டு கடிதம் போட்டார். அப்புறம் மூன்று வருஷமாக ஒரு கார்டு இல்லை. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் அண்ணன் வீட்டில்தான் வாசம். அண்ணன் நல்லவர். அண்ணன் மனைவி என்னைக் கெட்ட வார்த்தை ஒன்றும் சொன்னதில்லை. "அம்மிணி சாப்புட்டாச்சுங்களா?" என்று கேட்கிற விதத்திலேயே வயிறு நிறைந்துவிடும். மல்லசமுத்திரத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. பயிற்சியில் தேறினால் அந்த இடம் எனக்கு, பள்ளிக்கூடத்தை ஒட்டி ஓர் அறையும் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் மறுபடியும் அந்த அடுப்படி. இதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் ரயிலடியில் இறங்கினேன்.

எனக்கு அறைத்தோழியாக வாய்த்தவள் பக்கத்து இளம்பிள்ளை ஊர்க்காரி. என்னைவிட நாலு வயது சின்னவள். தறிக்குடும்பம். அவள் அப்பா சேலைக்கரையில் வரும் பூவையும் மயிலையும் தாளில் போட்டுக் கொடுப்பவர். அதற்கென்றே பொடிப்பொடிக் கட்டம் அச்சடித்த தாள் உண்டு. ஒரு கட்டம் என்றால் ஓர் இழை. அந்தத் தாளில் ஒரு பொதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் அவள் விடுதிக்குள் நுழைந்தாள். துணிமூட்டை பின்னால் வந்தது.

வந்த அன்றே அறைத் தரையில் பாவியிருந்த சதுரக் கற்களை எண்ணினாள். முப்பத்தாறு.

"உங்களுக்குப் பதினெட்டு, எனக்குப் பதினெட்டுங்க்கா."

என் தகரப்பெட்டி அவள் பக்கத்துக் கல்லில் நாலு விரல் ஏறியிருந்தது. நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அதை நகர்த்திக் கல்லின் ஓரத்தோடு ஓரமாக நிறுத்திவைத்திருந்தாள்.

"ஏம்புள்ள, பொட்டி உன்னைச் சோறா கேட்டுச்சு?"

"இல்லீங்க்கா. கோட்டு மேல ஒரு சாமான் நின்னா எனக்குத் தூக்கம் வராதுங்க."

கிண்டல் இல்லை, நிஜமாகவே வராது. விடுதியில் கொடுக்கும் உப்புமாவைக்கூடக் கரண்டியால் நாலு சதுரமாக வெட்டி, ஒவ்வொரு சதுரமாகத்தான் தின்பாள். சேலையை மடித்தால் செங்கல் அடுக்கின மாதிரி இருக்கும். எல்லாம் ஓர் எல்லைக்குள் அடங்க வேண்டும். அடங்காதது எதுவும் அவளுக்கு ஆகாது.

வீட்டுக்குக் கடிதம் எழுதுவாளே, அதைச் சொல்ல வேண்டும். கட்டத்தாளில் ஒரு கைக்குட்டை அளவு வெட்டிக்கொள்வாள். கட்டத்துக்கு ஓர் எழுத்து. கட்டம் தீர்ந்தால் கடிதம் தீர்ந்தது. பொங்கலுக்கு அழைத்துப்போக அப்பாவை வரச் சொல்லி எழுதினாள். எட்டிப் பார்த்தேன். "வெள்ளிக்கிழமை காலை வந்து" என்பதோடு நின்றிருந்தது.

"வந்து என்ன பண்றதாம்? மொகத்தைப் பாத்துட்டுப் போறதா?"

"எங்கப்பாவுக்குத் தெரியுமுங்க்கா."

அந்த மனுஷரும் வெள்ளிக்கிழமை காலை டாணென்று வந்து நின்று, மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த வீட்டில் பாதி எழுதினால் மீதியை மற்றவர்கள் தாமாகவே நிரப்பிக்கொள்வார்கள் போலிருக்கிறது. எங்கள் வீட்டில் முழுசாகச் சொன்னாலே பாதிதான் காதில் ஏறும்.

ஊருக்குப் போய்விட்டு வந்தபோது அப்பா போட்ட தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். கட்டங்களில் பென்சிலால் கறுப்படித்து ஒரு பறவை. குட்டையாக, பருத்து, கழுத்தே இல்லாமல் இருந்தது.

"என்ன புள்ள இது, மிதிபட்ட வாத்தா?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மயிலுங்க்கா! தாள்ல இப்படித்தானுங்க இருக்கும். தறில ஏறுச்சுன்னா நீண்டுக்கிட்டு மயிலாயிருமுங்க. தாள்ல இருக்கறது தாளுக்கு. துணில வர்றது துணிக்கு. எங்கூட்டுல கொழந்தைக்குக்கூடத் தெரியுமுங்க."

நான் தலையை ஆட்டினேன். நெசவைப் பற்றி எனக்கென்ன வந்தது? அன்றைக்கு அந்தப் பேச்சைக் காதில் வாங்கியிருந்தால் என் ஆயுளில் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

அவளிடம் மாம்பழக் கலரில் ஒரு சேலை இருந்தது. கரை முழுக்கக் கிளி. ஒரு கிளிக்கும் மூக்கு இல்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயசில் அப்பா முதன்முதலாகப் பென்சிலைக் கையில் கொடுத்தாராம். கிளி போட்டிருக்கிறாள். மூக்கு இரண்டு கட்டம் எல்லையைத் தாண்டிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. தறியில் ஏறினபோது கரைக்கு வெளியே இழை இல்லை, மூக்கும் இல்லை. கல்யாணத்துக்கென்று சொல்லி வைத்த சேலை. பெண்வீட்டார் தொட்டுக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்கள்.

"அப்பா அடிச்சாரா?"

"அடிக்கலீங்க்கா. ஒரு பேச்சுப் பேசல. சேலைய மடிச்சு எங்கையில குடுத்து, பெரிய மனுசியானதும் கட்டிக்க சாமின்னாருங்க. அவ்வளவுதான்."

இதைக் கேட்டபோது எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது உண்மை. அன்றைக்கு முழுவதும் பெட்டியைக் கல்லின் ஓரத்தைத் தாண்டாமல் வைத்தேன்.

இனி பாடத்துக்கு வருகிறேன். மற்றதெல்லாம் எனக்கு ஒருவழியாக ஓடியது. இயற்கைப் பாடத்தில்தான் சனி பிடித்தது. விதை, வேர், இலை வரைக்கும் நடத்திய ஆசிரியை பிரசவத்துக்குப் போனார், திரும்பி வரவில்லை. மிச்சத்தை நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். புத்தகத்தைத் திறந்தால் ஜீவகோசம் என்கிறது, புரோட்டோபிளாசம் என்கிறது, மாமிசபட்சணி, சாகபட்சணி, பரோபஜீவி என்று ஏதோ ஹோமம் வளர்க்கிற மாதிரி வரிசையாக வருகிறது. ஒரே பக்கத்தை மூன்று தரம் படித்தேன். முடிவில் எனக்குத் தெரிந்தது பக்கத்தின் எண் மட்டும்தான். புத்தகத்தைச் சுவரில் வீசினேன். அது அவள் பக்கத்துக் கல்லில் போய் விழுந்தது.

அவள் அதை எடுத்துத் தூசி தட்டினாள். அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டி வந்து ஊரே அதற்குப் பைத்தியமாக அலைந்துகொண்டிருந்தது. விடுதிக்கு வரும் பத்திரிகையை முதலில் பிடுங்குபவள் இவள்தான்.

"அக்கா, இந்தப் பாடத்தையே கட்டத்துல போட்டா என்னங்க்கா?"

மறுநாள் மத்தியானம் ஒரு தாளை நீட்டினாள். ஏழுக்கு ஏழு. நாலு பக்கமும் ஒரே மாதிரி, கறுப்புக் கட்டங்கள் ஒன்றுக்கொன்று எதிரெதிராக, பார்க்கவே ஒரு சேலைத் தலைப்பைப் போல இருந்தது. கீழே குறிப்புகள். "உயிருள்ள செங்கல். இதை அடுக்கித்தான் நீங்களும் நானும் வேப்பமரமும்." நான்கு கட்டம். அரைமணி முழித்தேன். என்னவென்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள்.

"அடங்கறாப்புல யோசிங்க்கா, வரும்."

"எனக்குப் பரீட்சைதான் வரும். சொல்லித் தொலை."

எழுந்து போய் சமையலறையிலிருந்து ஒரு வெங்காயம் வாங்கிவந்தாள். தலைமை ஆசிரியையிடம் சாவி கேட்டு, பள்ளியில் இருந்த ஒரே மைக்ராஸ்கோப்பைத் திறந்து, வெங்காயத்தின் உள்தோலை உரித்து வைத்து என்னைக் குனியச் சொன்னாள். பார்த்தேன். சுவர் சுவராக, அறை அறையாக, ஒரு தெருவே அதற்குள் இருந்தது. ஒவ்வொரு அறையிலும் ஒரு பொட்டு.

"சின்னச் சின்ன அறை..." என்றேன்.

"கிட்ட வந்துட்டீங்க."

"சிற்றறை!"

கையைத் தட்டினாள். நான் சின்னப்பிள்ளை மாதிரி இன்னும் ஒரு தரம் குனிந்து பார்த்தேன். என் உடம்பு முழுக்க இப்படித்தான் இருக்கிறது என்று நினைக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தச் சந்தோஷத்தைப் பொய்யென்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் தினம் ஒரு தாள். "அறைக்குள்ளே இருக்கும், குடிக்க முடியாது, அது இல்லாவிட்டால் குடிக்க ஆளே இல்லை" என்றால் உயிர்க்கூழ். "வீட்டுக்கு ஒரு மாமியார், இவள் சொல்லாமல் அறைக்குள் ஒன்றும் நடக்காது" என்றால் கருப்பொட்டு. மாட்டையும் வெட்டுக்கிளியையும் தழைதின்னி என்றாள். பருந்தும் பாம்பும் கறிதின்னி. விடுதி முற்றத்து வேப்பமரத்தில் புல்லுருவி படர்ந்திருந்தது. "அடுத்தவர் இலையில் கைவைத்துச் சாப்பிடுவது" என்று அதற்குக் குறிப்பு. உறிஞ்சி என்று ஒரு நொடியில் எழுதினேன். காடுகழனியில் வளர்ந்தவளுக்குப் புல்லுருவியைத் தெரியாதா? தவளையைப் பாம்பு தின்பதும், பாம்பைப் பருந்து தின்பதும், பருந்து செத்தால் மண்ணுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமி அதைத் தின்று மறுபடி புல்லுக்கு எருவாக்குவதும் கட்டம் கட்டமாக என் மண்டையில் இறங்கின. இரண்டு மாசத்தில் அறுபது சொற்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஒரு நாள் அவள் ஒரு தாளை முடித்துவிட்டு அதிலிருந்த சொல் ஒன்றை அழித்து வேறு எழுதினாள். ஏன் என்று கேட்டேன். "இது ஏழு கட்டத்துக்கு அடங்கலீங்க்கா. அடங்கறாப்புல வேற ஒண்ணு போட்டுக்கிட்டேன்" என்றாள். எனக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை. வேறு குறிப்பு, வேறு பாடம் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள்: எனக்கு இனிப் புத்தகம் எதற்கு என்று, அதை அடுத்த அறைப் பெண்ணுக்கு இரவலாகத் தூக்கிக் கொடுத்தேன். பரீட்சை முடிந்தபிறகு கொடுத்தால் போதும் என்று பெருந்தன்மையாக வேறு சொன்னேன்.

பரீட்சையன்று தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு போனேன். இயற்கைப் பாடத்தாளைக் கொடுத்தார்கள். முதல் கேள்வி, ஜீவகோசத்தின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கவும். இரண்டாவது, புரோட்டோபிளாசத்தின் தன்மைகள் யாவை? மூன்றாவது, சாகபட்சணி, மாமிசபட்சணி, பரோபஜீவி, உதாரணத்துடன் விளக்குக.

ஒரு கேள்வியும் புரியவில்லை. சுவரில் வீசின அன்றைக்கு இந்தச் சொற்களைப் பார்த்த ஞாபகம் வந்தது, அவை என்னவென்று வரவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன். சிற்றறை எங்கே? உயிர்க்கூழ் எங்கே? அறுபது சொல்லில் ஒன்றுகூட இல்லை. ஜீவகோசம் என்றால் வயிறாக இருக்கும் என்று முடிவு செய்து, ஈரல், குடல் எல்லாம் போட்டு ஒரு படம் வரைந்தேன். பரோபஜீவி என்பது பரோபகாரம் செய்கிற ஜீவனாக்கும் என்று பசுவையும் தேனீயையும் பற்றி ஒரு பக்கம் உருகி எழுதினேன். எனக்குத் தெரிந்த விஷயத்தைத்தான் கேட்டிருந்தார்கள் என்பது வெளியே வந்து கேட்டபிறகுதான் தெரிந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

வெளியே புளியமரத்தடியில் அவள் நின்றிருந்தாள். அந்த மூக்கறுந்த கிளிச்சேலை கட்டியிருந்தாள். பரீட்சைக்கு ராசியாம்.

"ஏனுங்க்கா, சுலுவா இருந்துச்சுங்களா? எல்லாம் நம்ம போட்டுப் பாத்ததுதானுங்களே!"

"ஜீவகோசம்னா என்ன புள்ள? பரோபஜீவின்னா?"

"சிற்றறைதானுங்க்கா. மத்தது நம்ம உறிஞ்சிங்க." சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "ஏனுங்க்கா?"

"நீ என்ன எழுதுன?"

"புஸ்தகத்துல இருக்கறதுதானுங்க."

"சிற்றறைன்னு எழுதலியா?"

"பரீட்சைத் தாள்ல ஏதுங்க்கா கட்டம்?" நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. "கட்டத்துக்கு ஒரு சொல்லு, புஸ்தகத்துக்கு ஒரு சொல்லுங்க. தாள்ல போடற மயிலு வேற, துணில வர்ற மயிலு வேறயில்லீங்களா? அன்னிக்கே சொன்னனே, எல்லாருக்கும் தெரியுமேன்னு..."

"எனக்குத் தெரியாதுடி! உங்கூட்டுல கொழந்தைக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியாது! நான் என்ன தறிலயா பொறந்தேன்?"

முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சேலைத்தலைப்பை எடுத்து மடித்து, மறுபடி மடித்து, சதுரமாக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அந்தச் சதுரத்தைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும் போலிருந்தது. அன்றைக்கே பெட்டியைக் கட்டினேன். கிளம்பும்போது அது அவள் பக்கத்துக் கல்லில் பாதி ஏறி நின்றது. அவள் நகர்த்தவில்லை.

அவள் எல்லாப் பாடத்திலும் தேறினாள். நான் அந்த ஒன்றில் தவறினேன். மல்லசமுத்திரத்து இடத்துக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள். அண்ணன் மனைவி அடுப்பில் ராகிக்களி கொதிக்கும்போது சொன்னார், "களி கிண்டறதைப் பத்திக் கேட்டிருந்தா அம்மிணி பாஸ் பண்ணியிருப்பீங்க." அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டில் நான் கிண்டின களிக்கு அளவில்லை. ஒவ்வொரு கிண்டலுக்கும் அவளைத் திட்டினேன். வேப்பமரத்தில் புல்லுருவியைப் பார்த்தால் உறிஞ்சி என்றுதான் மனசு முதலில் சொல்லும். அதற்கும் சேர்த்துத் திட்டினேன். புத்தகத்தை இரவல் கொடுத்தது யார் என்று என்னை நான் ஒரு தரம்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுபரீட்சைக்கு இரண்டு மாசம் இருக்கும்போது ஒரு தடித்த உறை வந்தது. ராசிபுரத்துப் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலையாகியிருந்தது. உள்ளே கட்டத்தாள். பிரிக்காமலே அடுப்பில் போடலாம் என்றுதான் எடுத்தேன். பிரித்தேன்.

ஏழுக்கு ஏழு இல்லை. எந்தக் கணக்கும் இல்லை. ஒரு பக்கம் ஐந்து, ஒரு பக்கம் எட்டு, மேலே ஒன்று துருத்திக்கொண்டு, கீழே இரண்டு தொங்கிக்கொண்டு, பல் போன சீப்பு மாதிரி இருந்தது. கறுப்புக் கட்டம் எதற்கும் எதிர்க்கட்டம் கிடையாது. குறிப்புகளில் மாமியாரும் இல்லை, கூழும் இல்லை. புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள். நடுவில் குறுக்கே போகிற ஒரு சொல்லுக்குத் தாள் போதவில்லை. ஓரத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு துண்டுத்தாளைச் சோற்றுப்பசையால் ஒட்டி, எட்டாவது கட்டம் போட்டிருந்தாள். அடியில் எழுதியிருந்தது, கட்டம் தீர்ந்தும் நிற்காமல், தாளின் பின்பக்கம்வரை போயிருந்தது: "அக்கா, இதில் எல்லாம் புத்தகச் சொல்தான். நாலு பேரைக் கேட்டுச் சரிபார்த்துவிட்டேன். அடங்கவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீங்கள் தேறினதும் ஒரு கார்டு மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம்"

அங்கே தாளே தீர்ந்துவிட்டது.

அந்தத் தாளை மனசில்லாமல்தான் நிரப்பினேன். பிறகு அழித்துவிட்டு இன்னொரு தரம் நிரப்பினேன். பரீட்சைவரை தினமும் அதே வேலை. புரோட்டோபிளாசம் என்று ஏழு கட்டம் தாண்டி எட்டாவதில் 'ம்' எழுதும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். தேறினேன். அடுத்த வருஷமே வேலையும் கிடைத்தது, அறையும் கிடைத்தது.

கார்டு வாங்கினேன். விலாசம்கூட எழுதினேன். அப்புறம் புளியமரத்தடி ஞாபகம் வந்தது. கொஞ்ச நாள் போகட்டும் என்று புத்தகத்துக்குள் வைத்தேன். சேலத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ் ராசிபுரத்தில் நிற்கும்போதெல்லாம் இறங்கலாமா என்று பார்ப்பேன். கண்டக்டர் விசில் ஊதிவிடுவார்.

போன மாதம் பெட்டியை ஒழித்தபோது அந்தக் கட்டத்தாள் அகப்பட்டது. பசை காய்ந்து, ஒட்டுத்துண்டு தனியாக விழுந்து கிடந்தது, அதில் என் கையெழுத்தில் ஒரு 'ம்'. தேடிப் பிடித்துச் சோற்றுப்பருக்கை நசுக்கி, அதை மறுபடி ஒட்டி வைத்தேன். அந்தக் கார்டும் கூடவேதான் இருக்கிறது, விலாசம் மட்டும் எழுதியபடி.